உப்புத் தின்ன மண்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சூளையில் எல்லோருக்கும் அவர் கொள்ளிக்கண்ணர். சூளைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துவாரம் உண்டு. அது வழியாக உள்ளே எரிகிறதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், வெளியே வந்தாலும் மனுஷர்களையும் அதே மாதிரி முறைத்துப் பார்ப்பார். "கல்லடி பட்டாலும் படலாம், அண்ணன் கண்ணடி மட்டும் படக்கூடாதுப்பா" என்று டீ குடிக்கும்போது எவனோ ஒருத்தன் சொல்லப் போக, பேர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளுக்குள்ளே சந்தோஷம்தான். மேலுக்குக் கோபப்படுகிற மாதிரி காட்டிக்கொள்வார்.

பாதி ஆயுசைத் தரை ஓடு செய்கிற ஆலையில் கழித்தவர். அந்த ஆலையை மூடியதும் இந்த வேலை கிடைத்தது. இங்கே வேகிறது சாதாரண மண் இல்லை. பழைய பேட்டரிப் பட்டறை, சாயப் பட்டறை, உருக்குப் பட்டறை என்று கண்டதும் நடந்த இடங்களில் தோண்டி எடுத்த மண். ஈயமும் இன்னும் என்னென்ன கண்றாவியோ அதில் ஊறிப்போயிருக்கும். அதைக் காயவைத்து, சலித்து, வெள்ளைக் களிமண் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திக் கல்லாக்கிச் சுட வேண்டும். சூடு குறைந்தால் அரைவேக்காடு. கூடினால் ஈயம் புகையாகி மேலே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்துவதுதான் கொள்ளிக்கண்ணர் பிழைப்பு.

சுட்ட கல்லை அப்படியே நம்பிவிடவும் மாட்டார்கள். ஒன்றை எடுத்துப் பொடியாக்கி, புளித்த தண்ணீர் மாதிரியான ஓர் அமிலத்தில் போட்டு, ஒரு நாள் பூராவும் இயந்திரத்தில் குலுக்குவார்கள். அந்தத் தண்ணீரில் ஈயம் இறங்கவில்லை என்றால் கல் தேறியது. இறங்கினால் பழையபடி முதலிலிருந்து. இதைப் பார்க்கிறவள் ஆய்வுக்கூடத்துப் பெண். அவரைவிடப் பாதி வயசு, வாய் மட்டும் இரண்டு பங்கு. "அண்ணே, இன்னிக்கு உங்க பிள்ளைங்க எல்லாம் பாஸ்" என்பாள் அல்லது "ரெண்டு பேர் ஃபெயில், கூட்டிட்டு வாங்க பெத்தவங்களை" என்பாள்.

வேலை முடிந்தால் அங்கேயே குளித்து, அங்கேயே உடை மாற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். போட்டிருந்த செருப்புகூட வீட்டுக்கு வரக் கூடாது. இது போதாதென்று, கொள்ளிக்கண்ணர் வீட்டுக்கு வந்தும் கையைக் கழுவுவார். சாப்பிடும் முன் ஒரு தரம், உட்கார்ந்த பிறகு சந்தேகம் வந்து இன்னொரு தரம். "இந்த மனுஷன் கழுவுற கழுவலுக்குக் கைரேகையே அழிஞ்சுபோச்சு, இனிமே எந்த ஜோசியக்காரனாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று அவர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி அடுத்தவர் வீட்டு மண்ணையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு, சொந்த அக்கா வீட்டு மண்ணே வந்து சேர்ந்தது.

அக்கா இருந்தது அப்பா கட்டிய வீடு. அக்காவைக் கட்டியவர் அந்த வீட்டுக்கே வந்துவிட்டார், வீட்டோட மாப்பிள்ளை. மாமா நல்ல மனுஷர். பழைய பேட்டரிகளை வாங்கி, வீட்டு முற்றத்தில் உடைத்து, ஈயத்தை உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்த்து விற்றார். உடைக்கும்போது சிந்தியது, உருக்கும்போது தெறித்தது எல்லாம் மண்ணோடு போனது. அது விஷம் என்று அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. மாமா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் முற்றத்து மண் அப்படியே கிடந்தது.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரி. அவளுக்கு ஒரே பெண் குழந்தை. தையல்காரி துணி எடுக்கப் போகும்போதெல்லாம் குழந்தையை அக்காவிடம்தான் விட்டுவிட்டுப் போவாள். அக்காவுக்கோ பிள்ளை குட்டி கிடையாது. கேட்கவா வேண்டும்! குழந்தை தவழ ஆரம்பித்ததே அந்த முற்றத்தில்தான். மண்ணைத் தொட்டு வாயில் வைப்பதும், அக்கா ஓடிவந்து துடைப்பதும், மறுபடி வைப்பதுமாக இரண்டு பேருக்கும் பொழுது போனது.

அப்புறம்தான் குழந்தைக்குச் சோறு இறங்கவில்லை, வயிறு வலிக்கிறது, வயசுக்கேற்ற பேச்சு வரவில்லை என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம்! சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து தெரு முழுக்க மண் எடுத்தார்கள். மற்ற வீட்டு மண்ணெல்லாம் பரவாயில்லை. அக்கா வீட்டு முற்றத்தில்தான் ஈயம் கொட்டிக் கிடந்தது.

தையல்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் நின்று நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். குழந்தை மட்டும் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து கம்பிக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்கும். அக்கா உள்ளே நின்று அழுதாளே தவிர, திறக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்து கேட்டில் மாட்டினாள். தான் போக வர, பின்பக்கத்துச் சின்னக் கதவு போதும் என்றாள்.

"அக்கா, அந்த மண்ணைத் தோண்டி எங்க சூளைக்குக் கொடுத்துடு" என்று, பூட்டுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு கொள்ளிக்கண்ணர் போய்க் கேட்டபோது அவள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"செத்த மனுஷனை ஏன்டா தோண்டுறீங்க? ஊர் உலகமெல்லாம் பார்க்க லாரியில ஏத்திட்டுப் போகணுமா?"

"மண்ணுல ஈயம் இருக்கிறது வாடகைக்கு இருக்கிற மாதிரிக்கா. மழை வந்தா தண்ணியோட போகும், காத்தடிச்சா தூசியோட போகும், குழந்தை தொட்டா கையோட போகும். களிமண்ணோட சேத்துச் சுட்டோம்னு வெச்சுக்கோ, கல்லோட கல்லாவே ஆயிடும். சும்மா மேல பூசி மறைக்கிறது இல்ல. அது ஈயமும் இல்லாம, மண்ணும் இல்லாம வேற ஒரு பொருளாயிடும். வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் போகாது."

"உங்க மாமாவை வம்புக்கு இழுக்கலைன்னா உனக்குத் தூக்கம் வராதே" என்றாள் அக்கா. ஆனாலும் சிரித்துவிட்டாள். பூட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டாள். "சுட்ட கல்லு ஊரான் வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது. எங்க வீட்டு மண்ணு, நல்லதோ கெட்டதோ எங்க முற்றத்துக்கே வரணும். நான் அது மேல நடக்கிறேன். அந்தக் குழந்தையும் பயமில்லாம நடக்கணும். முடியுமா உன்னால?"

"முடியும்" என்றார் கொள்ளிக்கண்ணர். சொல்லிவிட்டார். சொல்வதற்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

கேட்டைத் திறக்க அக்கா விடாததால், பின்கதவு வழியாகவே கூடை கூடையாக மண் வந்தது. சலித்துப் பிசைந்து முதல் சூளை போட்டார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் குலுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். முகமே சரியில்லை.

"அண்ணே, உங்க அக்கா வீட்டு மண்ணு மானத்தை வாங்குது. தண்ணியிலயும் ஈயம் இறங்குது. போதாததுக்குப் புகை வடிகட்டியைத் திறந்து பார்த்தா தூசி பூரா ஈயம். இத்தனை நாள் இப்படி ஆனதே இல்ல."

தான்தான் சூட்டைக் கூட்டிவிட்டோமோ என்று கொள்ளிக்கண்ணருக்குப் பயம். இரண்டாவது தரம் சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டி, துவாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். அதுவும் தேறவில்லை. "சொந்தக்காரங்க மண்ணுன்னதும் அண்ணனுக்குக் கை உதறுது" என்று பசங்கள் கேலி பேசினார்கள். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவர், அன்றைக்கு டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்துப் பெண் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மேலாளர் அறையில் வைத்துத்தான் சொன்னாள். "மண்ணுல உப்பு. சாதாரண சாப்பாட்டு உப்பு. கடல்ல ஊறின மாதிரி இருக்கு. உப்போட சேர்ந்து சூடானா ஈயம் கல்லுல தங்காது, புகையாப் பறந்துடும். நம்ம வீட்டோட மாப்பிள்ளையைத் தெருமுனையில நின்னு விசிலடிச்சுக் கூப்பிடுற கூட்டாளி யாருன்னா, இந்த உப்புதான்."

"பேட்டரியில அமிலம் இருக்கும். உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் மேலாளர். யாருக்கும் தெரியவில்லை. "அப்போ அந்த இடத்து நிலமே உப்பு நிலம். எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உப்புதான் வரும். நம்மால ஆகாது. விட்டுடலாம்."

விட்டுடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கொள்ளிக்கண்ணருக்குத் தெரியும். விஷ மண்ணைக் கொட்ட எந்த ஊர் இடம் கொடுக்கும்? எடுத்த குழியிலேயே திரும்பக் கொட்டி, மேலே கெட்டித் துணி விரித்து, சுற்றி வேலி போட்டு, மண்டையோட்டுப் படம் போட்ட பலகையை மாட்டிவிடுவார்கள். வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். பூட்டின கேட் பூட்டினபடியேதான்.

அன்றைக்குச் சாயங்காலம் குளித்து உடை மாற்றியவுடன் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். பின்கதவு வாசலில் வழக்கம்போல மிதியடியில் காலைத் துடைத்தார். துடைத்தவர் குனிந்து பார்த்தார். அந்த மிதியடி மிதியடி இல்லை. ஒரு வெற்றுச் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தது. அதில் உப்புக் கம்பெனி மார்க்கு. பக்கத்தில் துவைக்கிற கல்லுக்கு அடியில் இன்னும் ஏழெட்டுச் சாக்குகள் சுருட்டிச் சொருகியிருந்தன. வாராவாரம் வந்து அதன் மேலேதான் காலைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சூளைக்குள்ளே நூல் பிசகாமல் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை பாருங்கள்!

"அக்கா, ஊறுகாய்க் கடை ஏதாச்சும் வைக்கப் போறியா?"

அக்கா சாக்கைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தினம் காலையில கரைச்சு ஊத்தினேன்டா. கேட்டுலேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும். நீங்க தோண்ட வர்ற வரைக்கும் ஊத்தினேன். தொண்டை கட்டினா உப்புத் தண்ணி. புண்ணைக் கழுவ உப்புத் தண்ணி. காய்கறியில பூச்சி மருந்து போகணும்னா உப்புத் தண்ணி. எல்லா விஷத்தையும் அதுதானேடா எடுக்குது? மண்ணுல இருக்கிறதையும் எடுத்துடும்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?" கொள்ளிக்கண்ணர் கத்திவிட்டார். "நாங்க அங்க மண்டையைப் பிச்சுக்கிறோம்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சு கிடக்கு! அந்த உப்புதான்க்கா ஈயத்தைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போகுது!"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? 'உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு'ன்னு சொல்லியிருப்பே."

அப்படித்தான் சொல்லியிருப்பார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குழந்தையை அந்த மண்ணுல அவ அம்மா இறக்கி விடலடா. நான்தான் இறக்கி விட்டேன். மடியிலேயே வெச்சிருந்திருக்கலாம். இடுப்பு வலிக்குதுன்னு கீழே விட்டேன். 'விளையாடு கண்ணு'ன்னு நானே சொன்னேன்."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மேலாளர் சொன்னதை மட்டும் சொன்னார். நிலமே உப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் விட்டுவிடப் போகிறார்கள் என்றார்.

"நீ போய்ச் சொல்லாதே" என்றாள் அக்கா. "அவர் கெடுத்தது போதாதுன்னு நானும் கெடுத்தேன்னு ஆயிடும். இந்தத் தெருவுல நான் எப்படி நடமாடுறது?"

"நான் சொல்ல மாட்டேன். நீ என்ன சொன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். சொல்லாவிட்டால் வேலி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வேறு யார் வீட்டு மண்ணோ வெந்துகொண்டிருந்தது.

மத்தியானம் வாசலில் ஏதோ சத்தம். காவலாளி யாரிடமோ மல்லுக்கு நிற்கிறான். பூட்ஸும் முகமூடியும் போடாமல் உள்ளே விட முடியாது என்கிறான். "போட்டுத் தொலைக்கிறேன், கொடு" என்றது ஒரு குரல். கொள்ளிக்கண்ணருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆம்பளை பூட்ஸுக்குள் காலைவிட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் சொருகி, முகமூடிக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிய, தொப்பு தொப்பென்று அக்கா நடந்து வந்தாள். தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த உப்பு நிலத்து உப்பு இல்லைங்க. நான் போட்டது. விஷம் முறியும்னு போட்டேன். மேல மட்டும்தான் இருக்கும். தயவு பண்ணி அந்த மண்ணை விட்டுடாதீங்க."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நாங்க உங்களை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டோம்மா" என்றார். சிரிப்பும் எரிச்சலும் பாதிப் பாதி. ஆய்வுக்கூடத்துப் பெண்தான் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, எங்கெங்கே ஊற்றினாள், எவ்வளவு ஊற்றினாள் என்று கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. "வெளியேர்ந்து வந்த உப்புன்னா நல்லதாப் போச்சு சார். இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு, கரைஞ்சுடும். சுடறதுக்கு முன்னாடி மண்ணைக் கழுவிடலாம்."

"உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்றார் கொள்ளிக்கண்ணர். காலையிலிருந்து அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

கழுவுவதும் லேசான காரியமாக இல்லை. கழுவிய தண்ணீரோடு கொஞ்சம் ஈயமும் சேர்ந்து வரும். அதைச் சாக்கடையில் விட்டால் இன்னொரு தெருவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும். தொட்டியில் பிடித்து, சுண்ணாம்பு போட்டு, அடியில் தங்கிய வண்டலை எடுத்துத் திரும்ப மண்ணோடே சேர்த்தார்கள். மண்ணில் உப்பு சுத்தமாகப் போய்விட்டது என்று அந்தப் பெண் தலையாட்டிய பிறகுதான் பிசைந்தார்கள். மூன்றாவது தரமாக அக்கா வீட்டு மண் சூளைக்குள் போனது. கொள்ளிக்கண்ணர் யாரையும் பக்கத்தில் சேர்க்கவில்லை. சூடு ஏறும்போதும் அவர்தான், நிற்கும்போதும் அவர்தான், ஆறும்போதும் அவர்தான்.

குலுக்கின மறுநாள் அந்தப் பெண் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடியே வந்தாள். தேறிவிட்டது என்று அவள் வாயைத் திறந்து சொல்வதற்குள் அவர் அழுதுவிட்டார். "அடுப்புப் புகைம்மா" என்றார். சூளை அணைந்து நாலு நாள் ஆகியிருந்தது.

குழியில் நல்ல மண் கொட்டிக் கெட்டித்து, அதன் மேல் கல் பதித்தார்கள். மாநிறமாக, ஓரத்தில் லேசாகச் சிவந்த கற்கள். தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும். கொள்ளிக்கண்ணர் விடுமுறை போட்டுவிட்டு வந்து, கொத்தனார் பதித்த ஒவ்வொன்றையும் குறை சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். கேட் மட்டும் பூட்டியே கிடந்தது. "திறக்கலாம்லக்கா" என்றார். "யார் வரப் போறாங்க?" என்றாள் அவள்.

உப்பு விஷயத்தை அவளே போய்த் தையல்காரியிடம் சொல்லியிருந்தாள். தெரு சிரித்தால் சிரிக்கட்டும் என்று துணிந்துதான் போனாள். தையல்காரி மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். ஆனால் கல் பதித்து முடித்த அன்று எதிர்வீட்டுத் தையல் மிஷின் சத்தம் நின்றது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அக்காவைப் பார்க்காமல் கொள்ளிக்கண்ணரைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க. உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா இது மேல விளையாட விடுவீங்களா?"

அவருக்கு உடனே ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. கல்லை ஒரு தரம் பார்த்தார்.

"விடுவேன்மா. விளையாடி முடிச்சதும் கையைக் கழுவச் சொல்லுவேன். எந்தத் தரையா இருந்தாலும் சொல்லுவேன்."

தையல்காரி பூட்டைப் பார்த்தாள். அக்கா சாவியைக் கொண்டுவந்தாள். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்றது. கொள்ளிக்கண்ணர் எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, ஒருவழியாகத் திறந்தார்.

இதற்குள் குழந்தைக்கு நாலு வயசாகப் போகிறது. மருந்தில் ரத்தம் தேறிவிட்டது, பேச்சும் கொஞ்சம் லேட்டானாலும் வந்துவிட்டது. ஆனால் அக்காவை அதற்கு நினைவில்லை. "வாடா கண்ணு" என்று இவள் கையை நீட்டியதும், அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இது யாரு?" என்றது. அக்கா நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

குழந்தை ஒளிந்து ஒளிந்து பார்த்தது. அப்புறம் மெல்ல வெளியே வந்தது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவியது. இன்னொன்று. நடு முற்றத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, கல்லை விரலால் தேய்த்துப் பார்த்தது. தேய்த்த விரலை நேரே வாய்க்குக் கொண்டுபோனது.

தையல்காரி ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அக்கா பாய்ந்துவிட்டாள். "ஏய், ஏய், வாயில வைக்கக் கூடாது, வைக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டே குழந்தையை வாரித் தூக்கி, தொட்டியடிக்குக் கொண்டுபோய், சோப்பைப் போட்டு அந்தக் குட்டிக் கையை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். விரல் விரலாகத் தேய்த்தாள். நகத்து இடுக்கில் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். இவ்வளவு காலம் தொடாத கை.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்றது குழந்தை. அழவில்லை. தானே இன்னொரு கையையும் நீட்டியது.

தையல்காரி வந்து பக்கத்தில் நின்றாள். நெடுநேரம் அக்கா கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையின் ஈரக் கையைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்தக் கேட்டைப் பூட்டாதீங்க. நாளைக்கு நான் துணி எடுக்கப் போகணும். இவளைக் காலையிலேயே விட்டுட்டுப் போறேன்."